புதுப்பிப்பு: வீட்டுக் கணினிக்கு பேக்கப் மென்பொருள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் வீட்டுக் கணினிக்கு, கையைக் கடிக்காத, நம்பகமான பேக்கப் மென்பொருள் எது என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் சொன்ன மேக்ரியம் ரிஃப்ளெக்ட் இலவசப் பதிப்புக்கான ஆதரவு 2024 தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. குளோன்ஸில்லா இலவசம், ஆனால் வழக்கமாகக் கணினியை யூஎஸ்பியிலிருந்து துவக்கித்தான் அதை ஓட்ட வேண்டும். அன்றாடத்துக்கு யாருக்குப் பொறுமை?

சரி, விண்டோஸுக்கான வீம் ஏஜென்ட் இலவசப் பதிப்பையே போட்டுவிட்டேன். முதல் தடவை முழு டிஸ்க்கையும் எடுக்கும், அப்புறம் மாறியதை மட்டும் சேர்க்கும். பேக்கப் முடிந்ததும் வெளி டிஸ்க்கைத் தானே எஜெக்ட் செய்யும் (கணினியிலிருந்து தொடர்பைத் துண்டிக்கும்) வசதி உண்டு, அதனால் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் எளிதில் தொடாது. ஒயரை மட்டும் கையால்தான் பிடுங்குகிறேன். டர்பனில் மின்வெட்டு முடிந்து கரண்ட் திரும்பும்போது மின்னழுத்தம் எகிறும் வேகம் தெரியுமே!

பேக்கப்பிலிருந்து, தைப்பூசக் காவடிப் படங்கள் இருந்த ஃபோல்டரை மட்டும் மீட்டுப் பார்த்தேன். எல்லாம் திறந்தன.