முதன்முறை வாத்து வளர்ப்பு: தண்ணீர், தீவனம், கூடு குறித்த அனுபவப் பகிர்வுகள்

வீட்டின் பின்புறத்தில் வாத்து வளர்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எங்களிடம் குளம் இல்லையே, பரவாயில்லையா?" என்பதுதான். கோழி வளர்த்துப் பழகியிருந்த எங்களுக்கும் அந்த ஐயம் இருந்தது. குஞ்சுகள் வந்த பிறகு தெளிவானது இதுதான்: வாத்துக்குக் குளம் கட்டாயமில்லை, ஆனால் தலை முழுவதும் மூழ்கும் ஆழத்தில் நல்ல தண்ணீர் கட்டாயம். அந்தத் தண்ணீரை எப்படிக் கொடுப்பது, சிந்தும் தண்ணீரை எங்கே வடியவிடுவது என்ற இரண்டுக்கும் முன்கூட்டியே வழி செய்துவிட்டால் வாத்து வளர்ப்பின் பாதிச் சுமை குறைந்துவிடும்.

கோழி கொத்தித் தின்னும். வாத்து அலகால் அள்ளித் தின்னும். ஒரு வாய் தீவனம், உடனே தண்ணீர்ப் பாத்திரத்துக்கு ஓட்டம், அங்கே அலகை முக்கி ஓர் அலசல், மறுபடியும் தீவனம் என்று நாள் முழுவதும் இதுவே நடக்கும். அலகின் ஓரங்களில் சீப்பின் பற்கள் போன்ற வரிசைகள் இருப்பதால் தீவனத்தூள் அவற்றிலும் மூக்குத் துளைகளிலும் அப்பிக்கொள்கிறது. ஒரு குஞ்சின் அருகே அமர்ந்து கவனித்தபோது, அது கண்களுக்கு மேல்வரை தலையைத் தண்ணீரில் முக்கி, மூக்கு வழியாகக் காற்றை ஊதிக் குமிழி விட்டு, தலையைச் சிலுப்பிவிட்டு மீண்டும் முக்கியது. பார்ப்பதற்கு விளையாட்டாகத் தோன்றினாலும், மூக்கையும் கண்களையும் அது கழுவிக்கொள்ளும் முறை அதுவே. இந்த வசதி இல்லாத வாத்துகளுக்குக் கண்ணைச் சுற்றிப் பொருக்குக் கட்டும். தீவனம் இருக்கும் நேரமெல்லாம் தண்ணீரும் இருக்க வேண்டும். உலர்ந்த மாவுத் தீவனம் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். இரவில் தண்ணீரை எடுத்துவிடுபவர்கள் தீவனத்தையும் சேர்த்தே எடுத்துவிடுவது நல்லது.

இத்தனை அலசலும் நடக்கும் இடம் ஈரமாகாமல் இருக்காது. குஞ்சுகள் இருந்த பெட்டியில் மரச்சீவல் பரப்பியிருந்தோம். தண்ணீர் வைத்த மூலை மட்டும் சற்று நேரத்திலேயே சேறாகி நாற்றமெடுத்தது. அகலமான தட்டு ஒன்றின் மேல் கம்பிவலையை இறுக்கிக் கட்டி, அதன்மேல் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்த பிறகு, சிந்தியதெல்லாம் வலை வழியாகத் தட்டில் இறங்கியது. தட்டை மட்டும் எடுத்துக் கொட்டினால் போதும் என்றாயிற்று. முதல்முறை வளர்ப்பவர்கள் குஞ்சு வருவதற்கு முன்பே இந்த ஏற்பாட்டைச் செய்துவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மிகச் சிறிய குஞ்சுகளுக்குப் பாத்திரத்தினுள் கூழாங்கற்களைப் போட்டு வைத்தால், உள்ளே விழுந்தாலும் ஏறிவர இடமிருக்கும்.

முதல் வாரத்தில் குஞ்சுகளுக்கு ஏறத்தாழ 32 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. அதன் பிறகு வாரத்துக்கு 3 டிகிரி அளவில் குறைத்துக்கொண்டே வரலாம். வெப்பமானியை விடக் குஞ்சுகளின் நடத்தை தெளிவாகப் பேசும். விளக்கின் கீழ் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர்கிறது. விளக்கை விட்டு விலகி அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாகப் படுத்து உறங்கினால் வெப்பம் சரியாக இருக்கிறது. தரையில் வழவழப்பான செய்தித்தாளை விரிக்கக் கூடாது, கால்கள் பக்கவாட்டில் வழுக்கி விரிந்துபோகும். சொரசொரப்பான துணியோ ரப்பர் விரிப்போ ஏற்றது.

குஞ்சுகளை எப்போது நீந்தவிடலாம் என்பதில் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. தாயோடு வளரும் குஞ்சுகள் பொரித்த மறுநாளே நீந்துகின்றனவே என்று கேட்கிறார்கள். தாயின் இறகுகளில் உள்ள எண்ணெய் குஞ்சுகளின் மேலும் படிகிறது. நனைந்து குளிர்ந்தால் தாயின் இறகுக்குள் புகுந்து சூடேறிக்கொள்ளவும் முடிகிறது. இயந்திரத்தில் பொரித்த குஞ்சுகளுக்கு இந்த இரண்டும் இல்லை என்பதால் அவை நனைந்து விறைத்துப்போகக்கூடும். நாங்கள் வெதுவெதுப்பான, ஆழம் குறைந்த நீரில், அருகிலேயே இருந்து, சில நிமிடங்கள் மட்டும் விட்டு, பிறகு நன்றாக உலரவைத்தோம். இறகு முழுதாக முளைக்க 7 அல்லது 8 வாரங்கள் ஆகும்; அதன் பிறகு இந்தக் கவலை இல்லை.

அடுத்து, தீவனம். வாத்துக்கென்று தனியாகத் தீவனம் கிடைக்காத இடங்களில் கோழிக்குஞ்சுத் தீவனத்தையே எல்லோரும் கொடுக்கிறார்கள். புரதம் 20 முதல் 22 விழுக்காடு இருந்தால் அது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் நியாசின் என்னும் பி3 வைட்டமின் வாத்துக்குஞ்சுக்குக் கூடுதலாக வேண்டும். ஒரு கிலோ தீவனத்துக்கு ஏறத்தாழ 55 மில்லிகிராம் என்பது பரிந்துரைக்கப்படும் அளவு. கோழிக்குஞ்சின் தேவை இதைவிடக் கணிசமாகக் குறைவு. எங்கள் குஞ்சுகளில் ஒன்று மற்றவற்றோடு ஓடி வராமல் இரண்டடி வைத்து உட்கார்ந்துகொண்டது. கணுக்கால் மூட்டு சற்றுத் தடித்திருந்தது. கால்நடை மருத்துவரிடம் காட்டியபோது நியாசின் குறைவு என்றார். தீவனத்தில் நியாசின் மிகுந்த புரூவர்ஸ் ஈஸ்ட் என்ற ஈஸ்ட் தூளைக் கலந்து கொடுக்கத் தொடங்கியதும் அதன் நடை படிப்படியாகச் சீரடைந்தது. கால் வளைந்துபோன பிறகு மீட்பது கடினம் என்பதால், குஞ்சுகளின் நடையை நாள்தோறும் பார்ப்பது அவசியம். முட்டையிடும் கோழிக்கான தீவனத்தைக் குஞ்சுகளுக்குக் கொடுக்கவே கூடாது. அதிலுள்ள மிகுதியான கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பூஞ்சணம் பிடித்த தீவனத்தை வாத்தின் அருகிலேயே கொண்டுபோகக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன, வாத்துக்குஞ்சுகளும் இறந்தன. பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கு கலந்த தீவனமே காரணம் என்று கண்டறிந்தார்கள். அஃப்லாடாக்சின் என்ற நச்சு உலகுக்குத் தெரியவந்தது அப்படித்தான். அந்த நச்சு வாத்துக்குஞ்சை எவ்வளவு எளிதில் தாக்கும் என்றால், ஒரு பொருளில் அது இருக்கிறதா என்று சோதிப்பதற்கே பின்னர் வாத்துக்குஞ்சுகளைப் பயன்படுத்தினார்கள். கட்டி தட்டிய தவிடு, புழுங்கிய வாடை வரும் மக்காச்சோளம், ஈரமேறிய பிண்ணாக்கு ஆகியவற்றை, வீணாகிறதே என்று பார்க்காமல் கொட்டிவிட வேண்டும்.

*

மேலே எழுதியவர் குஞ்சுப் பருவத்தை விரிவாகச் சொல்லிவிட்டதால், வளர்ந்த வாத்துகளைப் பற்றி எங்கள் அனுபவத்தை எழுதுகிறேன். நாங்கள் வளர்ப்பது காக்கி கேம்பல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் அடேல் கேம்பல் என்ற பெண்மணி உருவாக்கிய இனம் இது. நல்ல வழித்தோன்றலாக இருந்தால் ஆண்டுக்கு 300 முட்டைகள் வரை இடக்கூடியது. முட்டைக்காகவே வளர்ப்பவர்களுக்கு இதைவிட ஏற்ற இனத்தை நான் அறியேன். ஆனால் இது அடைக்கு உட்காருவது அரிது. குஞ்சு வேண்டுமென்றால் அடைக்கோழியின் கீழோ இயந்திரத்திலோதான் முட்டையை வைக்க வேண்டும். கோழிமுட்டை 21 நாளில் பொரியும், வாத்து முட்டைக்கு 28 நாள் ஆகும் என்பதால், அந்தக் கூடுதல் ஒரு வாரமும் எழாமல் உட்காரக்கூடிய கோழியாகப் பார்த்து வைப்பது நல்லது.

வாத்துகள் பெரும்பாலும் விடியற்காலையில் முட்டையிட்டு முடித்துவிடும். இடம் பார்த்து இடும் பழக்கம் எல்லா வாத்துக்கும் இல்லை. நடக்கும் வழியிலும், புல்லுக்குள்ளும், சில சமயம் தண்ணீருக்குள்ளும்கூட இட்டுவிட்டுப் போகும். ஆகவே காலை 8 மணிக்கோ 9 மணிக்கோ திறந்துவிடும் வழக்கத்தை வைத்துக்கொண்டோம். கூட்டின் மூலையில் உலர்ந்த வைக்கோலை இட்டுவைத்தால் அங்கேயே இடத் தொடங்குகின்றன. சேறு பட்ட முட்டையின் ஓடு வழியாகக் கிருமி உள்ளே செல்லக்கூடும் என்பதால், முட்டை சுத்தமாக இருப்பதற்கும் கூளம் உலர்ந்திருப்பதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

கோழியைப் போல வாத்து பரணில் ஏறி உறங்குவதில்லை. தரையிலேயே உறங்குவதால் நாய், பூனை, எலி எல்லாவற்றுக்கும் எளிதில் அகப்படும். பொழுது சாய்ந்ததும் தானாகவே கூட்டுக்குள் அடையும் கோழியின் பழக்கமும் இதற்குக் குறைவு. நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே குரலில் அழைத்து, உள்ளே கொஞ்சம் தானியம் வைத்துப் பழக்கினால் வரிசையாக நடந்து உள்ளே போகும். இவை ஒரு கண்ணைத் திறந்து வைத்தபடியே உறங்கக்கூடியவை. கூட்டத்தின் ஓரத்தில் படுக்கும் வாத்து வெளிப்புறம் பார்த்த கண்ணைத் திறந்து வைத்திருக்கும், மூளையின் ஒரு பாதி மட்டும் அப்போது உறங்கும். எங்கள் கூட்டின் கதவோரத்தில் படுக்கும் பெட்டை அப்படித்தான் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். இவ்வளவு விழிப்பு இருந்தாலும் அவற்றால் தங்களைக் காத்துக்கொள்ள முடியாது. கூட்டின் வலை நெருக்கமாகவும், தாழ்ப்பாள் உறுதியாகவும், காற்றோட்டத்துக்கான திறப்பு உயரத்திலும் இருக்க வேண்டும்.

ஆண், பெட்டை எண்ணிக்கை குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். ஓர் ஆணுக்கு நான்கு முதல் ஆறு பெட்டைகள் இருப்பது ஏற்றது. ஆண்கள் மிகுந்தால் பெட்டைகளின் கழுத்துப் பின்புறத்தில் இறகு உதிர்ந்து புண்ணாகிவிடும். அந்த நிலையில் ஆண்களைத் தனியே பிரித்து அடைப்பதைத் தவிர வேறு வழியில்லை. எது ஆண் என்று அறிய, வால் இறகு சுருண்டு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. குரல் உடைந்ததும் பெட்டை உரத்துக் கத்தும், ஆண் தொண்டை கட்டியதுபோல் அடங்கிய குரலில் பேசும். ஊரே கேட்கும்படி கத்துவது பெட்டைதான் என்பதால், அக்கம்பக்கத்தாரின் உறக்கத்தை எண்ணுபவர்கள் இதையும் கணக்கில் கொள்ளலாம்.

ஒற்றை வாத்தை வளர்க்க நினைப்பவர்களை நான் எப்போதும் தடுக்கிறேன். பொரித்தவுடன் காணும் உயிரையே தாயாகப் பற்றிக்கொள்ளும் இயல்பை, விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ், சாம்பல்நிறப் பெருவாத்துக் குஞ்சுகளைக் கொண்டு விளக்கினார். மனிதரையே பற்றிக்கொண்ட ஒற்றைக் குஞ்சு, அவர் அறையை விட்டு வெளியேறும் ஒவ்வொரு முறையும் கதறும். குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று வாங்குங்கள்.

*

எங்களிடம் இருப்பது மணிலா வாத்து. மற்ற வீட்டு வாத்துகள் எல்லாம் பச்சைத்தலைக் காட்டு வாத்தின் வழிவந்தவை. இது மட்டும் நடு, தென் அமெரிக்காவைச் சேர்ந்த வேறோர் இனம். ஆகவே மேலே சொன்னவற்றில் சில இதற்குப் பொருந்தாது. முட்டை பொரிய 35 நாள் ஆகும். பெட்டை கத்துவதில்லை, மெல்லக் கீச்சிடும். ஆணும் சீறுவதோடு நிறுத்திக்கொள்ளும். பெட்டைகள் நன்றாகப் பறக்கும், நகங்களும் கூர்மையானவை. தூக்கும்போது இறக்கைகளை உடலோடு சேர்த்து அணைத்துப் பிடிக்க வேண்டும், எந்த வாத்தையும் காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. அடைக்கு உட்காருவதில் இதை விஞ்ச எதுவும் இல்லை. எங்கள் பெட்டை, நாளுக்கு ஒருமுறை தண்ணீர் குடித்துக் குளித்துவிட்டு, ஈர இறகோடு மறுபடியும் முட்டைகளின் மேல் அமர்ந்துவிடும்.

எல்லா வாத்துக்கும் பொதுவான ஓர் ஆபத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். தரையில் மின்னும் எதையும் வாத்து விழுங்கிப் பார்க்கும். கூட்டைச் செப்பனிட்ட பிறகு கிடக்கும் கம்பித் துண்டு, ஆணி, திருகு ஆகியவை இரைப்பையைத் துளைக்கும். துத்தநாகம் பூசிய துண்டாக இருந்தால் உடலில் நஞ்சேறும். வேலை முடிந்ததும் காந்தத்தைத் தரையில் இழுத்துப் பொறுக்கி எடுக்கிறோம். அழுகிய இலைதழை தேங்கிய குட்டையையும் வேலியிட்டு மறைத்திருக்கிறோம். அத்தகைய நீரில் உண்டாகும் நச்சால் வரும் பொட்டுலிசம் என்ற நோய், கழுத்தைத் தூக்க முடியாதபடி வாத்தைச் செயலிழக்கச் செய்துவிடும்.

பறவைக் காய்ச்சல் பரவும் காலங்களில் காட்டு வாத்துகள் வந்திறங்கும் நீர்நிலையோடு வீட்டு வாத்துகளைச் சேரவிடக் கூடாது. வாத்துகள் நோய்க்கான அறிகுறி எதையும் காட்டாமலேயே அந்தக் கிருமியைச் சுமக்கக்கூடும் என்பதால், வாத்தோடு கோழியும் வளர்ப்பவர்கள் இரண்டுக்கும் தனித்தனித் தண்ணீர்ப் பாத்திரம் வைப்பது நல்லது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமியும் வாத்திடமிருந்து பரவக்கூடியது. குழந்தைகள் குஞ்சைத் தொட்டு விளையாடிய பிறகு சோப்பிட்டுக் கை கழுவவும், குஞ்சை முகத்தோடு சேர்த்துக் கொஞ்சாமல் இருக்கவும் முதல் நாளிலேயே பழக்கிவிடுங்கள்.