அம்மாவை அழைப்பதற்கு முன் உடன்பிறந்தாருடன் பேச வேண்டியவை

கனடாவில் காலூன்றியவுடன் பெற்றோரை அழைப்பதற்கான படிவங்களைப் பற்றி விசாரிப்பவர்கள் பலர். அந்தப் படிவத்தில் இடும் கையெழுத்து அண்ணன் தம்பி உறவை என்ன செய்யும் என்று விசாரிப்பவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஆகவே எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் நால்வர். பெரியண்ணா 1984 இல் ஜேர்மனிக்குப் போனார். அவர் அனுப்பிய பணத்தில்தான் அக்காவின் சீதனமும் நான் வெளிநாடு வர முகவருக்குக் கொடுக்க வேண்டிய ஏஜென்சிக் காசும் கட்டப்பட்டன. அக்கா இலண்டனிலும் தம்பி பாரிசிலும் இருக்க, கனடாவின் ஸ்காபரோவில் இருந்த நான் அம்மாவை ஸ்பொன்சர் செய்தேன். கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில் இப்பொறுப்பு 20 ஆண்டுகள் நீடிக்கும். அக்காலத்தில் அவர் அரசின் சமூக உதவிப் பணத்தைப் பெற்றால், கையெழுத்திட்டவரே அதைத் திருப்பிக் கட்ட வேண்டும். ஸ்பொன்சர் செய்பவர் காட்ட வேண்டிய வருமானக் கணக்கில் மனைவியையோ கணவரையோ சேர்க்கலாமே தவிர, உடன்பிறந்தவரைச் சேர்க்க இயலாது. முதியோர் ஓய்வூதியமும் குறைந்தது 10 ஆண்டுகள் இங்கு வாழ்ந்தவருக்கே உரியது. சட்டத்தின் கணக்கில் அம்மாவுக்கு ஒரேயொரு பிள்ளைதான்.

நானும் அப்படியே எண்ணத் தொடங்கியதுதான் பிழை. எல்லாச் சுமையும் என் தலையில் என்று நான் மனத்துக்குள் கணக்கு வைத்தேன். அண்ணாவின் கணக்கோ 1984 இலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. இருவருமே அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்மாவிடம் மட்டும் முறையிடுவோம். அவர் அதில் பாதியை விழுங்கிவிட்டு, மீதியை இதமாக்கி மற்றவரிடம் சொல்வார். அம்மா கண்மூடியபோதுதான், நாங்கள் நால்வரும் பல ஆண்டுகளாக ஒருவரோடொருவர் நேரே பேசியதில்லை என்பது எனக்கு விளங்கியது. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிவதற்குள் ஊர்க் காணிப் பேச்சு வந்துவிட்டது. அப்பாவின் காணி பிரிக்கப்படாமலே கிடந்தது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி பங்காளி ஒருவர் தம் பங்கை வெளியாருக்கு விற்குமுன் மற்றப் பங்காளிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்பதைத் தம்பி அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தாலும், அறிவிப்பதற்குப் பேச வேண்டுமே!

பாரத்தைப் பங்கிட விரும்புவோர் முதலில் சூப்பர் விசாவைப் பாருங்கள். பெற்றோரும் பாட்டன் பாட்டியும் வந்து தங்குவதற்காக 2011 இல் தொடங்கிய இவ்விசாவில் வருபவர், 2022 முதல் ஒரு வருகையில் 5 ஆண்டுகள் வரை தங்கலாம். குறைந்தது 1,00,000 டொலருக்கான மருத்துவக் காப்புறுதி வேண்டும்; முதியவர்களுக்கு அதன் கட்டணம் கையைக் கடிக்கும். ஆனால் அதை எந்த நாட்டிலிருக்கும் பிள்ளையும் பகிர்ந்துகொள்ளலாம். யார் எவ்வளவு கொடுப்பது, யார் விடுமுறை எடுத்து வந்து பார்ப்பது என்பவற்றை விண்ணப்பத்துக்கு முன்னரே நால்வரும் அறிய எழுதிவையுங்கள். அந்தத் தாளில், முன்பு ஏஜென்சிக் காசு கட்டியவரின் பெயரையும் எழுதுங்கள். அவர் வேண்டாம் என்பார், எழுதுங்கள்.

இப்போது அண்ணாவும் நானும் ஞாயிறு தோறும் பேசுகிறோம். இங்கு முற்பகல் 11 மணி, அங்கு மாலை 5. முதல் அரை மணி நேரம் காணியைப் பற்றிப் பேசுவதில்லை என்பது அக்கா விதித்த நிபந்தனை. மார்ச்சில் இரு நாடுகளும் வெவ்வேறு ஞாயிறுகளில் மணிக்கூட்டை மாற்றுவதால், அண்ணா ஒரு மணி நேரம் பிந்தி அழைப்பார், நான் காத்திருப்பேன்.