கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது? – பள்ளி மேலாண்மைக் குழு அனுபவங்கள்

தையல்காரி:
பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்து பள்ளியின் தேவைகளைக் கவனிக்கும் பள்ளி மேலாண்மைக் குழுக்களை 2022இல் புதிதாக அமைத்தபோது, எங்கள் ஊர் ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் என்னைத் தலைவராக்கினார்கள். போட்டியெல்லாம் இல்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். அப்போது குழுவில் 20 பேர், அதில் 15 பேர் பெற்றோர். முதல் ஆறு மாதம் நான் பார்த்த தலைவர் வேலை என்னவென்றால், தீர்மான நோட்டு மகளின் புத்தகப் பையில் வீட்டுக்கு வரும். தையல் மிஷின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புவேன்.

அப்புறம் வட்டார வள மையத்தில் ஒருநாள் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள், நோட்டையும் கொண்டுவரச் சொல்லி. காலை முழுக்கக் கல்வி உரிமைச் சட்டம் 2009, இந்தக் குழுக்களைப் பற்றிய பிரிவு 21 என்று திரையில் ஓடிக்கொண்டிருந்தது. என் கண் வடைத் தட்டின் மேல் இருந்தது, மறைப்பானேன். மதியம் ஓர் ஆசிரியர் பயிற்றுநர் வந்தார். “அவரவர் பள்ளியின் கடைசித் தீர்மானத்தைச் சத்தமாகப் படியுங்கள்” என்றார். என் முறை வந்தது. “பள்ளி வளர்ச்சி குறித்து விவாதிக்கப்பட்டது. அனைவரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டனர்.” கீழே என் கையெழுத்து.

“எதை ஏற்றுக்கொண்டீர்கள் அம்மா?” என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

அடுத்த கூட்டத்துக்கு முந்தின நாள் நானும் இன்னொரு அம்மாவும் பள்ளிக் கழிப்பறைக்குப் போய்ப் பார்த்தோம். “கழிப்பறை வேண்டும்” என்று எழுதினால் “இருக்கிறது” என்றுதான் பதில் வரும், இருக்கத்தான் செய்தது. 61 பெண் பிள்ளைகளுக்கு மூன்று. ஒன்றுக்குக் கதவில்லை, ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை, மூன்றாவதில் தண்ணீர் இல்லை. தாழ்ப்பாள் இல்லாததில் ஒரு பிள்ளை உள்ளே போனால், இன்னொருத்தி வெளியே நின்று கதவுக்குக் காலால் முட்டுக் கொடுக்கிறாள். என் மகள் ஏன் காலையில் தண்ணீர் குடிக்காமல் பள்ளிக்கு ஓடுகிறாள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இந்த மூன்றையும் அப்படியே தனித்தனி வரியாக நோட்டில் ஏற்றினோம். எது பள்ளி மானியத்தில் முடியும், எது ஊராட்சியில் கேட்க வேண்டியது என்றும் எழுதினோம். தாழ்ப்பாள் இரண்டு வாரத்தில் வந்தது. தண்ணீர் வரப் பொங்கல் ஆகிவிட்டது. கதவுக்கு இன்னும் நடக்கிறோம்.

மூன்று பிள்ளை அப்பா:
நான் தோற்ற கதை. பயிற்சியில் சட்டம் படித்ததும் கை துறுதுறுத்தது. சுற்றுச்சுவரோ வேலியோ இல்லாதது சட்டத்தின் அட்டவணைக்கே விரோதம் என்று கூட்டத்தில் எழுந்து, பிரிவு எண்ணோடு தலைமையாசிரியரைப் பிடிபிடியென்று பிடித்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மற்ற பெற்றோர் என்னைத்தான் முறைத்தார்கள். அடுத்த மாதம் என் பக்கத்து நாற்காலியில் ஆளில்லை.

பிறகு ஒரு நாள் பிள்ளைக்குச் சான்றிதழ் வாங்கப் போனபோது அவரே ஒரு கோப்பை எடுத்துக் காட்டினார். சுவர் கேட்டு நான்கு கடிதங்கள். முதல் கடிதம், நான் அந்தப் பள்ளியில் பிள்ளை சேர்ப்பதற்கு முன்னாலேயே அவர் எழுதியது! “நான் கடிதம்தான் எழுதலாம் சார். நீங்கள் நாலு பேர் போய் நிற்கலாம்” என்றார். என் பயிற்சியில் யாரும் சொல்லாத பாடம் இது. அந்த நான்கு கடிதங்களின் நகலோடு அக்டோபர் 2 கிராம சபையில் 30 பேர் போய் உட்கார்ந்தோம். சுவர்த் தீர்மானம் ஏறியது. அளவெடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், செங்கல் இறங்கட்டும், மிச்சத்தை எழுதுகிறேன்.

பழைய கரும்பலகை:
ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். சில ஆண்டுகள் இந்தப் பயிற்சியை நடத்தியவன் என்பதால் எங்கள் பக்கத்துத் தவறைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, “பெற்றோருக்கு அக்கறை இல்லை” என்று அறிக்கை எழுதினோம். களையெடுக்கப் போனவளுக்கு மூன்று மணிக் கூட்டம் என்றால் அரை நாள் கூலி போச்சு. ஓர் ஊரில் மட்டும், அலுவல் கூட்டம் அதன் நேரத்தில் நடக்கட்டும் என்று விட்டுவிட்டு, முந்தின இரவு ஏழரை மணிக்குக் கோயில் திண்ணையில் பேசிக்கொள்ள வைத்தேன். 40 பேர் வந்தார்கள்.

அங்கே ஒரு நாடகம் போட்டோம். பேத்தியை வளர்க்கும் ஒரு பாட்டி அதிகாரி, மற்றவர்கள் மனு கொடுப்பவர்கள். பாட்டி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “நிதி இல்லை, அடுத்த மாதம் வாருங்கள்” என்றார் பாருங்கள், நிஜ அதிகாரி தோற்றார். எல்லாரும் சிரித்து ஓய்ந்ததும் ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்: “சரிங்கம்மா, இல்லை என்பதை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.” பாட்டிக்கு மேற்கொண்டு வசனம் வரவில்லை. அன்றைய பயிற்சி அதோடு முடிந்தது. நான் கொண்டுபோன அட்டைகளைப் பிரிக்கவேயில்லை.

ஐந்தாம் வகுப்பு அம்மா:
எங்கள் தொடக்கப் பள்ளியில் 64 பிள்ளைகள், இரண்டே ஆசிரியர்கள். ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஐந்து வகுப்பும் ஒரே அறையில். கேட்டால் “மேலே சொல்லியிருக்கிறோம்” என்கிறார்கள். எப்படி எழுதுவது அக்கா?

தையல்காரி:
தங்கச்சி, 60 வரைக்கும் இரண்டு, 61 முதல் 90 வரைக்கும் மூன்று ஆசிரியர்கள் என்று சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. அதனால் “ஆசிரியர் பற்றாக்குறை” என்று எழுதாதீர்கள். வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள் என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்து எழுதி, கூட்டினால் 64, மூன்றாவது பணியிடம் வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். நகலை வட்டாரக் கல்வி அலுவலரிடம் நேரில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். 30 நாளில் அசைவில்லை என்றால், அந்தத் தீர்மானத்தின் மேல் என்ன நடவடிக்கை என்று பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள்; மேலே அந்த அப்பா எழுதியிருப்பதைப் படித்தீர்கள்தானே.

நோட்டு வீட்டுக்கு வந்தால் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். என் மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: அந்த நோட்டைப் பையில் வைத்தால் உனக்குத் தாவணி தைத்துத் தர மாட்டேன் என்று.