ஆன்டிபயாடிக் நுகர்வு: பழைய எண்ணும் புதிய எண்ணும் ஏன் ஒட்டவில்லை?

கேள்வி (நுண்ணுயிரி)
2018இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில் 65 நாடுகள் உள்ளன. ஆயிரம் பேருக்கு நாளொன்றுக்கு புருண்டியில் 4.4 டிடிடி (DDD, வரையறுத்த தினசரி அளவு), மங்கோலியாவில் 64.4. இதுபோன்ற பழைய எண்களோடு புதியவற்றைச் சேர்த்து வரைந்தால், அமாக்சிசிலின் அதிகம் புழங்கும் நாடுகளில் நுகர்வு திடீரென்று சரிகிறது. நிஜமாகவே குறைந்ததா? விற்பனைக் கணக்கிலிருந்து டிடிடி எடுப்பது எப்படி என்றும் சொல்லுங்கள்.

பதில் (வடகரை)
பெரும்பாலும் குறைந்திருக்காது, அளவுகோல்தான் மாறியது. ஒரு மருந்தின் முக்கியப் பயன்பாட்டுக்குப் பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு எடுப்பதாகக் கருதும் சராசரி அளவுதான் டிடிடி. 2019இல் வாய்வழி அமாக்சிசிலினுக்கு அது 1 கிராமிலிருந்து 1.5 கிராமாக உயர்ந்தது. கிளாவுலானிக் அமிலம் சேர்ந்ததற்கும் அப்படியே. மெரோபெனம் ஊசி 2லிருந்து 3 கிராம் ஆனது. அதே மாத்திரை விற்றாலும் டிடிடி மூன்றில் ஒரு பங்கு குறையும். மொத்த எண்ணைத் திருத்த வழியில்லை. மருந்துவாரியாக கிராம் கணக்கு வாங்கி, எல்லா ஆண்டுகளுக்கும் ஒரே ஆண்டின் டிடிடி பட்டியலைப் போடுங்கள்.

பதில் (கணக்குப்புள்ளி)
கணக்கு இதோ. ஒரு கோடிப் பேர் உள்ள நாட்டில் ஓராண்டில் 500 மி.கி. அமாக்சிசிலின், பத்து கேப்சூல் அட்டை, 36.5 லட்சம் விற்றதாக வையுங்கள். அட்டைக்கு 5 கிராம்; 1.5ஆல் வகுத்தால் 3.33 டிடிடி. எல்லா அட்டைக்கும் பெருக்கி, 365ஆலும் மக்கள்தொகையாலும் வகுத்து, ஆயிரத்தால் பெருக்கினால் 3.33.

வழக்கமாகச் சறுக்கும் இடம் கூட்டு மருந்து. 625 மி.கி. மாத்திரையில் அமாக்சிசிலின் 500 மட்டுமே கணக்கில் வரும். 125 கிளாவுலானிக் அமிலத்தைச் சேர்த்தால் கால்பங்கு கூடிவிடும். சல்ஃபாமெத்தாக்சசோலும் டிரைமெத்தோபிரிமும் சேர்ந்த கோ-டிரைமாக்சசோலுக்கு கிராம் கிடையாது: 400/80 மி.கி. மாத்திரை என்றால் நாலு, 800/160 என்றால் இரண்டு, அதுதான் ஒரு டிடிடி. அசித்ரோமைசின் 0.3 கிராம் என்பதால் 500 மி.கி. மூன்று மாத்திரையே 5 டிடிடி.

பதில் (மருந்தகம்)
கணக்கு சரியானாலும் தரவு எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் தரவரிசை போடாதீர்கள். ஒரு நாடு இறக்குமதிப் பதிவைத் தரும், இன்னொன்று காப்பீடு பணம் திருப்பிக் கொடுத்த மருந்துச் சீட்டுகளை மட்டும் தரும். காப்பீட்டுப் பதிவில் சீட்டில்லாமல் கடையில் வாங்கியது விழாது. ஸ்பெயின் 2016இல் காப்பீட்டுத் தரவிலிருந்து விற்பனைத் தரவுக்கு மாறியது. அந்த இடத்தில் கோட்டை முறித்தே வரையுங்கள். இறக்குமதிப் பதிவில் கிடங்கில் தேங்கியதும் நுகர்வாகிவிடும், ஆகவே ஓராண்டை மட்டும் நம்பாதீர்கள். குழந்தைகள் மிகுந்த நாட்டில் சிரப் அதிகம். பெரியவர் அளவில் வகுப்பதால் சிகிச்சை பெற்றவர் எண்ணிக்கை குறைவாகத் தெரியும்.

குறைந்த எண்ணைப் பார்த்து நிம்மதியடைவதுதான் எனக்குக் கவலை. இந்தியத் தனியார் துறை 2019 விற்பனை ஆயிரம் பேருக்கு நாளொன்றுக்கு வெறும் 10.4 டிடிடி தான். ஆனால் அதில், உலக சுகாதார நிறுவனத்தின் அவேர் (AWaRe) வகைப்பாட்டில் மருந்தெதிர்ப்பு அபாயம் குறைந்த ‘அக்சஸ்’ மருந்துகள் 27 சதவீதம், அந்த அபாயம் கூடிய, அசித்ரோமைசின், செஃபிக்சிம் போன்ற ‘வாட்ச்’ 55 சதவீதம். 2024 ஐ.நா. அறிவிப்பு 2030க்குள் உலக அளவில் ‘அக்சஸ்’ பங்கு குறைந்தது 70 சதவீதமாக வேண்டும் என்கிறது. மொத்த எண்ணுக்குப் பக்கத்திலேயே இந்தப் பங்கையும் வரையுங்கள். செஃபிக்சிம்-ஆஃப்லாக்சசின் போன்ற, பரிந்துரைக்கப்படாத கூட்டு மருந்துகளைத் தனி நிறத்தில் காட்டுங்கள். ‘வாட்ச்’சுக்குள் கலந்துவிட்டால் அவை கண்ணில் படாது.