வெட்டலாம், எதை வெட்டுவது?

கானாடுகாத்தான்காரன்:
நாட்டரசன்கோட்டையில் செவ்வாய்ப் பொங்கல் வைத்து முடித்துவிட்டு வந்த இரவு, வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தை ஒட்டிய கூடத்தில், ஜமக்காளம் விரித்துப் படம் போட்டோம். எண்பதைத் தாண்டிய ஆயா முதல் இரண்டாம் வகுப்புப் பேத்தி வரை பதினெட்டுப் பேர். அரைமணி நேரத்துக்குள், பேத்தி பார்க்கக் கூடாத காட்சி வந்ததும், மூன்று பேர் ரிமோட்டைத் தேடிப் பாய்ந்தோம். அவசரத்தில் தள்ளியதில் கொலைக்கான காரணமே போய்விட்டது; மீதிப் படம் யாருக்கும் புரியவில்லை.

அமெரிக்காவில் இதற்கென்றே மென்பொருள் இருக்கிறது. எந்த நொடியில் வசவு, எங்கே ரத்தம் என்று ஒரு பட்டியல். அந்த இடம் வந்ததும் கருவி ஒலியை அடைக்கும், அல்லது காட்சியைத் தாண்டும். மூலப் படத்தில் யாரும் கை வைப்பதில்லை. நமக்கும் அப்படி ஒன்று வந்தால் என்ன?

கத்தரிக்கோல்:
படத்தொகுப்பு செய்து பிழைக்கிற காரைக்குடிக்காரன் நான். 1947இல் வெளிவந்த 'நாம் இருவர்' எங்கள் ஊர்க் கொட்டகைகளில்தான் உருவானது. அந்தப் பெருமையில் கொஞ்சம் சூடாகவே பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு மௌனம் இரண்டு நொடியா மூன்று நொடியா என்று இரவெல்லாம் உட்கார்ந்து முடிவு செய்கிறோம். அதை முகம் தெரியாத ஒருவர் தயாரித்த பட்டியல் தாண்டிப் போகுமா? குழம்பு காரம் என்றால் ஊற்றிக்கொள்ளாதீர்கள். அதில் தண்ணீரை விட்டுவிட்டு, இதுதான் அந்த ஆச்சி வைத்த குழம்பு என்று பந்தியில் சொல்லாதீர்கள். 2023இல் திரைப்படச் சட்டத்தைத் திருத்தி, பெற்றோர் துணையோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்கிற யு/ஏ சான்றிதழை 7, 13, 16 வயது என்று பிரித்துவிட்டார்கள். ஓடிடியில் 13 வயதுக்கு மேற்பட்டோருக்கான படங்களைப் பூட்டிவைக்க வசதி இருக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளே சொல்கின்றன. பேத்திக்கு ஏற்ற படத்தைப் போடுங்கள் ஐயா. பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவையும் ஒருமுறை படியுங்கள். படைப்பைச் சிதைத்தால் தட்டிக்கேட்கும் உரிமை அதில் இருக்கிறது.

தேவகோட்டை வக்கீல்:
இருக்கிறது தம்பி, ஆசிரியருக்கு இருக்கிறது. நம் சட்டப்படி திரைப்படத்தின் ஆசிரியர் தயாரிப்பாளர். இயக்குநரும் அல்ல, நீங்களும் அல்ல. எனக்கே வருத்தம்தான்.

அமெரிக்கக் கதையையும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள், முறையாக வாங்கிய பிரதியில், சிறு பகுதிகளைத் தாண்டிப் பார்க்க 2005ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்தது. வெட்டப்பட்ட புதிய பிரதி ஒன்று உருவாகக் கூடாது, அவ்வளவுதான். வெட்டிய வட்டுகளை விற்ற கிளீன்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2006இல் வழக்கில் தோற்றது. வட்டின் பூட்டை உடைத்துப் பிரதியெடுத்து, வடிகட்டி இணையத்தில் ஓடவிட்ட விட்ஏஞ்சல் நிறுவனம் 6.24 கோடி டாலர் தர வேண்டும் என்று 2019இல் நடுவர் குழு சொன்னது. வடிகட்டியதற்காக அல்ல, பிரதியெடுத்ததற்காக.

கானாடுகாத்தான்காரன்:
அப்படியானால் என் ரிமோட் செய்கிற வேலையைக் கருவி செய்தால் குற்றமில்லை. அதைத்தானே கேட்டேன்!

பள்ளத்தூர் டீச்சர்:
வெட்டலாமா என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எதை வெட்டுவது? என் வகுப்பில் ஒரு பையன், வேண்டாம் என்று சொன்ன பெண்ணின் பின்னால் பேருந்து நிலையம் வரை போயிருக்கிறான். கேட்டால் அதுதான் காதலாம். எங்கே கற்றான்? அந்தக் காட்சியில் ரத்தமில்லை, வசவில்லை, உடை குறையவில்லை. எந்தப் பட்டியலிலும் சிக்காமல் நேராக உங்கள் வளவுக்குள் வரும். பதினெட்டுப் பேரும் சிரித்துக்கொண்டே பார்ப்பீர்கள். கறுப்பு நிறத்தைக் கேலி செய்கிற நகைச்சுவைக்கு ரிமோட்டைத் தேடி யாராவது பாய்ந்தீர்களா?

கத்தரிக்கோல்:
அதையெல்லாம் வெட்டினால் படமே மிஞ்சாது டீச்சர்.

பள்ளத்தூர் டீச்சர்:
மிஞ்சாத படத்தை எடுப்பானேன்?

கானாடுகாத்தான்காரன்:
டீச்சர் சொன்னதைக் கேட்டு, நேற்று ஒரு பழைய படத்துக்கு நானே பட்டியல் போட உட்கார்ந்தேன். முத்தம் வருகிற நிமிடத்தைக் குறித்தேன். பக்கத்தில் இருந்த மனைவி பேனாவை வாங்கி, கதாநாயகன் நாயகியைக் கன்னத்தில் அறைகிற நிமிடத்தை எழுதினாள். "அதை எடுத்துவிட்டால் அவள் எப்படித் திருந்துவாள்?" என்று கேட்டுவிட்டேன்.

காலையிலிருந்து காப்பி பட்டாலைத் திண்ணையில் தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது, கொண்டுவந்தவர் பேசவில்லை. பட்டியல் இரண்டு வரியோடு நிற்கிறது.