பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: ஹோம் ஆபீஸ் (உள்துறை) மேல் உள்ள கோபம் பக்கத்து வீட்டுக்காரர் மேல் போக வேண்டாம்

விசா தாமதம், ஆஸ்பத்திரியில் காத்திருப்பு என்று இணையத்தில் நம்மவர் யார் புலம்பினாலும், நாலாவது பதிலுக்குள் "வெள்ளைக்காரனே இப்படித்தான்" என்று ஒருவர் வந்துவிடுகிறார். புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகள் அதை நம்பிவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அரசைத் தாராளமாகக் குறை சொல்லுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து வேலை விசாவில் வரும் பெரியவர்களில் பெரும்பாலோருக்கு ஆளுக்கு வருடம் 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம், அதுவும் விசா காலம் முழுவதற்கும் முன்கூட்டியே. சம்பளத்தில் வரியும் பிடித்துக்கொண்டு இது வேறு எதற்கு என்று கேட்பது நியாயம்தான். இந்த ஊர்க்காரர்களே ஹோம் ஆபீஸை விட்டுவைப்பதில்லை. கரீபியன் தீவுகளிலிருந்து 1973க்கு முன்பே முறைப்படி வந்து குடியேறியவர்களிடம் காகிதம் கேட்டு, பலருக்கு வேலை போக, சிலரை நாடு கடத்தியும் விட்டார்கள். விண்ட்ரஷ் விவகாரம் என்பது அதுதான். இங்குள்ள பத்திரிகைகள் விடாமல் எழுதி, 2018 ஏப்ரலில் உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலக நேர்ந்தது.

கிளாஸ்கோவில் கென்மியூர் தெருவில் நடந்ததையும் தெரிந்துகொள்ளுங்கள். 2021 மே 13, ஈகைத் திருநாள். காலையிலேயே குடியேற்றத் துறை வேன் வந்து இரண்டு இந்தியர்களை ஏற்றியது. ஒருவர் வேனுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார், தெருவே திரண்டு வந்து சுற்றி உட்கார்ந்தது. "இவர்கள் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள், விட்டுவிடுங்கள்" என்று கத்தினார்கள். ஏறக்குறைய எட்டு மணி நேரம் கழித்து இருவரையும் விட்டுவிட்டார்கள். வேனை அனுப்பியதும் இந்த நாடுதான், அதை மறித்ததும் இந்த நாடுதான்.

என் கதை சின்னது. முதல் குளிர்காலத்தில் மகளுக்குக் காய்ச்சல் என்று ஒரு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஏழு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கறுப்பாக இருப்பதால்தான் கூப்பிடவில்லை என்று உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மணிக்கட்டு வீங்கிய ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, எங்களுக்கு முன்னாலேயே வந்தவர், ஒரு கையாலேயே ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றி என் பக்கம் நீட்டினார். நான்கு மணி நேரத்துக்குள் 95 சதவீதம் பேரைப் பார்த்து முடிக்க வேண்டும் என்ற இலக்கை இங்கிலாந்து 2015க்குப் பிறகு எட்டவே இல்லை என்பதை அப்புறம்தான் படித்தேன்.

இனவெறியே இல்லை என்று சொல்லவில்லை. பஸ் ஸ்டாப்பில் "உன் ஊருக்குப் போ" என்று என்னிடமும் ஒருவன் கத்தியிருக்கிறான். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம், போலீஸின் 101 எண்ணுக்கு அழைத்து வெறுப்புக் குற்றம் என்று புகார் கொடுங்கள். கத்தியவன் அவன், அந்த வரிசையில் நின்ற மற்றவர்கள் இல்லை. எதையாவது எழுதும் முன் எந்த விதி, எந்த அலுவலகம், யார் எடுத்த முடிவு என்று எனக்குச் சொல்லத் தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரியவில்லை என்றால் அன்றைக்கு எழுத மாட்டேன்.

சரி, கோபத்தை எங்கே காட்டுவது? குடியுரிமை இல்லாவிட்டாலும் உங்கள் தொகுதி எம்.பி.யைப் போய்ப் பார்க்கலாம், விசா விண்ணப்ப எண்ணைக் கையோடு கொண்டு போங்கள். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாமே காமன்வெல்த் நாடுகள் என்பதால், முறையான விசாவில் இங்கே குடியிருக்கும் நமக்கு நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டு உண்டு. வீடு மாறியதும் முதல் வாரத்திலேயே வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.