கூலாய் டேட்டா சென்டர்: ஆள் பஞ்சமா, சம்பளப் பஞ்சமா?

செம்பனைக்காடு: நம்ம ஜொகூர் கூலாய்ல தோட்ட நிலத்துல டேட்டா சென்டர் (ஆயிரக்கணக்குல சர்வர் ஓடுற கட்டடம்) எழும்பியாச்சு, ஆனா நம்ம பட்டதாரிகளை எடுக்க முடியலன்னு கம்பெனிக்காரன் புலம்புறான். அதுல நியாயம் இருக்கு. வேலை கேட்டு வர்றவருக்கு ஒரு சின்னக் கேள்வி: லினக்ஸ் சர்வர்ல, டிஸ்க் நிறைஞ்சதா டிஎஃப் (df, டிஸ்க்ல மீதி இடம் காட்டுற கட்டளை) காட்டுது, டியூ (du, கோப்புகளோட அளவைக் கூட்டுற கட்டளை) கணக்குல பாதிதான் வருது. ஏன்? பெரிய லாக் கோப்பை (நடந்ததைப் பதிஞ்சு வைக்கிற கோப்பு) அழிச்சிருப்பாங்க, ஆனா ஏதோ ஒரு புரோகிராம் அதை இன்னும் திறந்தே வெச்சிருக்கும். அது விடுறவரைக்கும் இடம் திரும்பாது. எது பிடிச்சிருக்குன்னு எல்எஸ்ஓஎஃப் (lsof) கட்டளை சொல்லிடும். டிகிரி முடிச்சவர் சொல்ற பதில்: "ரீபூட் பண்ணுங்க".

கித்தாமரம்: ரீபூட் பண்ணாலும் இடம் திரும்பும் அண்ணே, பதில் தப்பில்ல 😀 காரணம் தெரியாததுதான் குறை. அதை வேலையில சேர்த்துட்டு சொல்லிக்கொடுக்கலாம். ஜூனியர் வேலைக்கே 3 வருஷ அனுபவம் கேட்டா எங்கிருந்து வரும்? இருக்கிற கெட்டிக்காரனும் பாலம் தாண்டி சிங்கப்பூர் போயிடுறான். சிங்கப்பூர் ஒரு டாலர் நம்ம 3 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல.

செம்பனைக்காடு: எல்லாத்துக்கும் சம்பளமா? /26 சப்நெட்ல (64 முகவரி உள்ள ஒரு சின்ன நெட்வொர்க் பகுதி) எத்தனை மெஷினுக்கு முகவரி கொடுக்கலாம்னா 64ங்கிறாங்க. நெட்வொர்க்குக்கு ஒண்ணு, பிராட்காஸ்ட்டுக்கு (எல்லா மெஷினுக்கும் ஒரே நேரத்துல அனுப்புறதுக்கு) ஒண்ணு போக 62. இது முதல் வருஷப் பாடம்.

படிவம்_நாலு: ஓட்டை அதுக்கும் முன்னாடியே விழுது. படிவம் 4-ல கஷ்டம்னு கூடுதல் கணிதத்தை விட்டுடுறாங்க. பல பல்கலைக்கழகங்கள்ல கணினித் துறைக் கதவு அங்கேயே சாத்திக்குது. எஸ்பிஎம்முக்கு (படிவம் 5 முடிவுல எழுதுற அரசுத் தேர்வு) கணினி அறிவியல் எல்லாப் பள்ளியிலும் கிடையாது.

கித்தாமரம்: டேட்டா சென்டருக்குள்ள எல்லாரும் புரோகிராமரா என்ன? குளிரூட்டுற சில்லர், ஜெனரேட்டர், கரண்ட் போனா தாங்குற யுபிஎஸ் பேட்டரி, 11 கேவி (11,000 வோல்ட்) சுவிட்ச்கியர்னு மின் இணைப்புப் பெட்டிகள். அதுக்கு வேணும் சார்ஜ்மேன் (மின் கருவிகளைப் பொறுப்பெடுத்து இயக்குறவர்), சக்தி ஆணையம் கொடுக்கிற தகுதிச் சான்றோட. ஏ வகை குறைந்த அழுத்தத்துக்குத்தான். உயர் அழுத்தத்துக்கு பி வகை. தொழிற்கல்வியில மின்சாரம் படிச்ச பையன் அனுபவம் சேர்த்துப் பரீட்சை எழுதணும். அந்த இடத்துல கணினி டிகிரியைத் தேடினா பஞ்சம்தான் தெரியும்.

செம்பனைக்காடு: சரி, ஆனா சார்ஜ்மேன் வந்து சர்வரைப் பார்க்க மாட்டாரே. மேல கேட்ட டிஸ்க் கேள்வியைப் பழகிப் பார்க்கக் காசே வேணாம்: 8 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்ல விர்ச்சுவல்பாக்ஸ் (கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓட்டுற இலவச மென்பொருள்), அதுக்குள்ள லினக்ஸ். ஃபால்லொகேட் (fallocate) கட்டளையில 2 ஜிபி கோப்பு உண்டாக்கி, ஒரு டெர்மினல்ல (கட்டளை அடிக்கிற ஜன்னல்) அந்தக் கோப்பைத் திறந்தே வெச்சிருக்கிற டெயில் -எஃப் (tail -f) போட்டு, இன்னொண்ணுல அழிக்கணும். டிஎஃப் அசையாது. டெயிலை நிறுத்தினா 2 ஜிபி திரும்பும். பத்து நிமிஷம்.

கித்தாமரம்: இதைக் காலேஜ் லேப்ல ஏன் செய்யலன்னும் கேளுங்க.

செம்பனைக்காடு: அதைத்தானே முதல்ல இருந்து கேக்குறேன் லா.